பட்டிப்பூ இலையும் சீனி வருத்தமும்: அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: நிலாவெளித் தம்பி, 2025 ஜூன் 4

அம்மாவுக்குப் பதினொரு வருசமாகச் சீனி வருத்தம். குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. வெள்ளைப் பட்டிப்பூ (நித்தியகல்யாணி) இலை ஏழு, வெறும் வயிற்றில், நாற்பத்தெட்டு நாள். அமெரிக்க விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்களாம். அம்மா நேற்று வேலிக்கரையில் இலை பறிக்கத் தொடங்கிவிட்டார். இதில் உண்மை இருக்கிறதா? தாதி மிஸ்மார் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: ஒரு முன்னாள் தாதி, ஜூன் 4, இரவு

கொடுக்க வேண்டாம். பறித்ததை ஆட்டுக்குப் போடவும் வேண்டாம். மிச்சம் நாளைக்கு, கண் சொருகுகிறது.

ஜூன் 5

அந்தச் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் தொல்லை. முழுப்பொய்யாக இருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன்.

1952இல் ஜமேய்க்காவிலிருந்து ஒரு வைத்தியர் பட்டிப்பூ இலைகளைக் கனடாவுக்கு அனுப்பினார். அங்கே சனங்கள் அதைத் தேத்தண்ணீர் போல ஊறவைத்துச் சீனி வருத்தத்துக்குக் குடித்தார்கள். பொதியைப் பெற்றவர் கிளார்க் நோபிள், ரொறன்ரோவில் இன்சுலின் ஆராய்ச்சி நடந்த காலத்தில் அந்தக் குழுவோடு வேலை செய்தவர். அவர் அதைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். தம்பி இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சீனி அசையவே இல்லை. சரி, ஊசியால் ஏற்றிப் பார்ப்போம் என்று ஏற்றினார். எலிகள் ஒரு கிழமைக்குள் தொற்று வந்து செத்தன. ஏன் என்று பார்த்தால், வெண்குருதிக் கலங்கள் விழுந்துபோயிருந்தன. குருதிக் கலங்களை உண்டாக்கும் என்பு மச்சை அடங்கிவிட்டது.

இன்னொருவராக இருந்தால் குப்பையில் போட்டுவிட்டு வேறு இலை தேடியிருப்பார். இவர் வேறு மாதிரி யோசித்தார். வெண்கலங்களை இப்படி வீழ்த்தும் பொருள், வெண்கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு ஆகுமே என்று. சார்ல்ஸ் பீர் என்ற இரசாயனவியலாளரோடு சேர்ந்து 1958இல் வெளியிட்டதுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அதன் தங்கச்சி வின்கிரிஸ்டின், அமெரிக்காவில் 1963இல் அனுமதி பெற்றது. குழந்தைகளில் அதிகம் காணும் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் அது இல்லாமல் சிகிச்சை இல்லை.

ஆகவே தம்பி, அமெரிக்க விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டது வேறு. உங்கள் அம்மா பறித்தது வேறு.

ஜூன் 5, பின்னேரம்

கிண்ணியாவிலிருந்து ஒரு அண்ணன் கேட்கிறார், "புற்றுநோய்க்கே மருந்தென்றால் சும்மா ஆளுக்கு என்ன கெடுதல்?" அண்ணன், வீடு பற்றி எரியும்போது தண்ணீர் அடிக்கிற வண்டியை எரியாத வீட்டுக்குள் விட்டு அடித்தால் என்ன ஆகும்?

அளவையும் பாருங்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்கு 2000 கிலோ. ஏழு இலையில் புற்றுநோய் மருந்து கிடைத்துவிடும் என்ற கதை அதோடு சரி. அதற்காக ஏழு இலை பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த இலையில் அல்கலாய்டு என்ற வீரியமான செடிப்பொருட்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. எந்தச் செடியில், எந்த மாதத்தில், எது எவ்வளவு என்று வேலிக்கரையில் நின்று யாரும் அளக்கவில்லை.

ஜூன் 7

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

எங்கள் பெரியப்பா தம்பலகாமத்தில் வயல் செய்தவர். வீட்டுக்கு ஒரு தாதி இருக்கிறேன் என்ற பெருமை அவருக்கு நிறைய. ஆனால் என் பேச்சைக் கேட்டதில்லை. யாரோ சொல்லி, சீனி மாத்திரையான மெட்போமினை நிறுத்திவிட்டு இதே பட்டிப்பூச் சாற்றை மூன்று மாதம் குடித்தார். கேட்டால் "உடம்பு லேசாக இருக்கு பிள்ளை" என்பார். லேசாகத்தான் இருந்திருக்கும், எட்டுக் கிலோ குறைந்திருந்தார். சீனி கூடினால் உடம்பு உருகும் என்பது எனக்குத் தெரியும். வீட்டாருக்கு அது மெலிவு, நல்ல மாற்றம்.

அறுவடை நேரம் வைக்கோல் குத்தி வலதுகால் சின்னவிரலில் ஒரு கீறல். வலிக்கவில்லை என்றார். வலிக்காததுதான் ஆபத்து. நான் போய்ப் பார்த்தபோது பிளாஸ்டரை விலக்க முதலே மணம் வந்தது. ஓட்டோவில் போகும் வழி முழுக்க அவர் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு வயலைப் பற்றியே கதைத்தார். அன்று சீனி 412. விரல் போனது.

நான் அவரோடு சண்டை பிடித்தேன், இலையைத் திட்டினேன். இப்போது யோசித்தால் அவரைக் கெடுத்தது இலை அல்ல, மாத்திரையை நிறுத்தியதுதான். இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுக் கத்தியதால் அவருக்கு நான் சொன்னது விளங்கவே இல்லை. "இங்கிலீசு மருந்துக்காரி, நீ அப்படித்தான் சொல்லுவாய்" என்றார்.

ஜூன் 8

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பெரியப்பா வீசிய அந்த "இங்கிலீசு மருந்து" இருக்கிறதே, அதுவும் ஒரு செடியின் பேரப்பிள்ளை. ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி, அவரையினம், ஊதாப் பூ. அதிலிருக்கும் கலேகின் சீனியைக் குறைத்தது, ஆனால் நஞ்சும் கூட. அதே வகையைச் சேர்ந்த, சாதுவான ஒரு பொருளை டப்ளினில் 1922இல் செய்தார்கள். அதற்குப் பிறகு முப்பது வருசத்துக்கு மேல் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1957இல் பிரான்சில் ஜான் ஸ்டேர்ன் சீனி வருத்தக்காரருக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டார். அதுதான் மெட்போமின். அமெரிக்காவுக்குப் போகவே 1995 ஆனது.

இது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தால் பெரியப்பாவிடம் "இதுவும் இலைதான், ஆனால் அளந்த இலை" என்று சொல்லியிருப்பேன். கேட்டிருப்பாரா? மாட்டார். ஆனாலும் சொல்லியிருப்பேன்.

ஜூன் 11

செடியைப் பற்றிக் கதைக்கலாம் என்று மூதூர்த் தங்கச்சி கேட்கிறார், உயர்தரத்தில் உயிரியல் படிப்பிக்கிறாராம். சரி.

என் வீடு திருகோணமலையில் டச்சுக்குடாப் பக்கம். கோட்டைப் பக்கத்து மான்கள் விடியற்காலையில் ஒழுங்கைக்குள் வரும். றோசாவைத் தின்னும், செவ்வரத்தையைத் தின்னும், போன வருசம் என் கறிவேப்பிலைக் கன்றையும் முடித்தன. கேற்றடியில் உள்ள பட்டிப்பூவை மட்டும் தொடாது. உப்புக்காற்று, மணல், கச்சான்காற்று எது அடித்தாலும் அது பூத்துக்கொண்டே நிற்கும். மடகஸ்காரிலிருந்து வந்த செடி, இங்கே சுடலைக்குச் சுடலை நிற்கிறது. சிங்களத்தில் அதன் பெயரே பிணப்பூ என்ற பொருளில் மினிமல்.

மான் ஏன் தொடாது என்பதற்கு பிரான்சில் 2010இல் ஒரு வடிவான விளக்கம் வந்தது. இலையின் கலத்தில் ஸ்ட்ரிக்டோசிடின் என்ற பொருள் புன்வெற்றிடம் என்ற பைக்குள் இருக்கிறது. அதை உடைக்கும் நொதியம் கலத்தின் கருவுக்குள் இருக்கிறது. இரண்டும் ஒரே கலத்தில், ஆனால் வேறு வேறு அறையில், நடுவில் சுவர். பூச்சி கடித்துக் கலம் நசுங்கியதும் இரண்டும் கலக்கும். கலந்தால் புரதங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைக்கும் ஒரு பொருள் பிறக்கும். கடித்தவன் வாயிலேயே குண்டு வெடித்த மாதிரி. ஆய்வாளர்களே அதைக் கருவுக்குள் வைத்த நேரக்குண்டு என்றுதான் எழுதினார்கள்.

அதே வருசம் கனடாவில் இன்னொன்று. வின்பிளாஸ்டின் என்பது இரண்டு துண்டுகள் சேர்ந்தது, கத்தரந்தினும் விண்டொலினும். கத்தரந்தின் இலையின் மேல் மெழுகில் ஒதுங்கியிருக்கிறது, விண்டொலின் உள்ளே. மணமகன் வாசலில், மணமகள் சமையலறையில். கலியாணம் எப்படி நடக்கும்? அதனால்தான் இலையில் வின்பிளாஸ்டின் அவ்வளவு கொஞ்சம். இந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஜூன் 12

பிடித்ததுதான் பிழையாகும். மூதூர்த் தங்கச்சி திருத்துகிறார், அவர் சொல்வது சரி.

2023இல் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் உள்ள குழுக்கள் சேர்ந்து பட்டிப்பூ இலையைக் கலம் கலமாகப் பிரித்துப் பார்த்தன. எந்தக் கலத்தில் எந்த மரபணு வேலை செய்கிறது, எந்தக் கலத்துக்குள் எந்தப் பொருள் கிடக்கிறது என்று தனித்தனியாக. வேலை மூன்று விதமான கலங்களில் நடக்கிறது. தொடக்கம் உணவைக் கடத்தும் உரியத்தை ஒட்டிய கலங்களில், நடு மேற்றோலில், கடைசி இடியோபிளாஸ்ட் என்ற தனிக்கலங்களில். கத்தரந்தின், விண்டொலின் இரண்டும் அந்த இடியோபிளாஸ்டுக்குள்ளேயே சேர்ந்து கிடந்தன. ஆக வாசலும் சமையலறையும் என்ற என் கலியாணக் கதை அப்படியே நிற்காது. இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள்.

அப்புறம் 2022இல் டென்மார்க்கில் தலைமையேற்ற ஒரு குழு இந்த இரண்டு துண்டுகளையும் மதுவத்துக்குள் செய்ய வைத்தது. ஆம், பாண் பொங்க வைக்கும் அதே மதுவம். 56 மரபணு மாற்றங்கள், அதில் செடிகளிலிருந்து எடுத்த 34 மரபணுக்கள். துண்டுகளைப் பிரித்தெடுத்து, கடைசி ஒட்டை மட்டும் ஆய்வுகூடத்தில் இரசாயன முறையில் போட்டார்கள். அதற்கு வழிவிட்டது, 2018இல் இங்கிலாந்தில் சாரா ஓ'கோனரின் குழு பாதையில் விடுபட்டிருந்த நொதியங்களைக் கண்டுபிடித்தது. அறுபது வருசம் எடுத்தது, ஒரு வேலிச்செடி எப்படிச் சமைக்கிறது என்று எட்டிப் பார்க்க.

ஜூன் 15

நிலாவெளித் தம்பியின் அம்மா இலையை நிறுத்திவிட்டாராம். மாத்திரையை முதலிலிருந்தே விடவில்லையாம். நல்லது.

வார்ட்டில் வின்கிரிஸ்டின் கொடுத்திருக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். கொழும்புப் பக்கம் சில வருசம் புற்றுநோய்க் குழந்தைகளோடு வேலை செய்தேன். பிள்ளைகளுக்குச் சிவப்பு மருந்துதான் பயம், டொக்சோரூபிசின். வின்கிரிஸ்டின் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும், அதனால் அதைப் பார்த்து அழமாட்டார்கள். ஆறு வயதுப் பொடியன் ஒருவன் "இது நல்ல மருந்து மிஸ்" என்று கையை நீட்டுவான். அவன் செருப்பு மட்டும் அடிக்கடி கழன்று விழும். முதலில் செருப்புப் பெரிது என்று நினைத்தோம். தெளிவான மருந்து நரம்பைப் பிடித்து, பாதத்தைத் தூக்க முடியாமல் ஆக்கியிருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் முதலில் செருப்பைத்தான் பார்ப்பேன்.

இந்த மருந்தை நாளத்தில் மட்டும்தான் ஏற்றலாம். முதுகுத் தண்டுக்குள் தவறிப் போனால் ஆள் பிழைப்பது அரிது. அதே நாளில் முதுகில் ஏற்றவேண்டிய வேறு மருந்தும் இருக்கும், இரண்டும் ஊசிக்குழலில் வரும். நான் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன், பெரிய மிஸ் சிரித்தாலும். 2007இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது: வின்கிரிஸ்டினை ஊசிக்குழலில் வைக்காதீர்கள், சின்னச் சேலைன் பையில் கலந்து தொங்கவிடுங்கள் என்று. பையைக் கொண்டுபோய் யாரும் முதுகில் ஏற்றமாட்டார்கள். எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு அதுதான். மரபணுவும் இல்லை, நொதியமும் இல்லை. ஒரு பை.

நாளத்துக்கு வெளியே கசிந்துவிட்டால் இதற்குச் சூட்டு ஒத்தடம், சிவப்பு மருந்துக்குக் குளிர் ஒத்தடம். மாற்றிப் போட்டால் புண் பெரிதாகும். நடுச்சாமத்தில் இது ஞாபகம் இருக்க வேண்டும்.

ஜூன் 16

நாளம் என்றதும், மருந்தேற்ற நாளத்தில் குத்திவைக்கும் சின்னக் குழாயான கனுலா நினைவு வந்தது. 72 மணிக்கொரு தடவை கனுலாவை மாற்று, நல்லாக இருந்தாலும் மாற்று என்று படித்து வந்தவள் நான். நாளமே இல்லாத கிழவியரின் கையில் நல்ல கனுலாவைப் பிடுங்கிவிட்டு, புதிது குத்த நாலு இடம் தட்டித் தட்டித் தேடியிருக்கிறேன். ஒரு அம்மா "நேற்றுக் குத்தினது என்ன பிள்ளை பாவம் செய்தது?" என்று கேட்டார்.

அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் மூன்று ஆஸ்பத்திரிகளில் 3283 பேரை வைத்துத் தாதியரே முன்னின்று செய்த ஆய்வு 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பகுதியினருக்கு மூன்றாம் நாள் மாற்றினார்கள். மற்றவர்களுக்குத் தேவை வந்தால் மட்டும். நாள அழற்சி இரண்டு பக்கமும் 7 சதவீதம். வித்தியாசமே இல்லை. அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது, கனுலா ஒரு பாவமும் செய்யவில்லை என்று.

ஜூன் 19

அவசரப்பட்டுவிட்டேன். இளம் தாதி ஒருவர், இன்னும் வேலையில் இருப்பவர், ஜெனீவா ஆய்வைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்திருக்கவில்லை. பார்த்தேன்.

ஜெனீவாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளில் தேவைப்பட்டால் மாற்று என்ற வழக்கத்துக்கு மாறினார்கள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட கனுலாக்களின் கணக்கு 2021இல் வெளிவந்தது. குருதித் தொற்று கூடியிருந்தது. பழைய வழக்கத்துக்குத் திரும்பியதும் இறங்கியது. குருதித் தொற்று மிக அரிது. 3283 பேரில் அது கண்ணில் படாது, இலட்சக்கணக்கில் எண்ணினால்தான் தலைகாட்டும். அது சீட்டுப்போட்டுப் பிரித்த ஆய்வு அல்ல, முன்னும் பின்னும் பார்த்தது, ஆகவே அதுவே கடைசி வார்த்தையும் அல்ல.

ஆக என் நிலைப்பாடு? வேலையில் இருந்தால் மூன்றாம் நாள் கண்ணைமூடிப் பிடுங்கமாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைப் பார்த்துத் தொட்டு எழுதி வைப்பேன், தேவை முடிந்த கனுலாவை ஒரு மணி நேரம்கூட விடமாட்டேன். பார்த்துப் பார்த்துச் செய்ய ஆள் இருந்தால் இது சரி. ஆள் இல்லாத வார்ட்டில் பழைய 72 மணிச் சட்டம்தான் காப்பு என்று இப்போது நினைக்கிறேன். மூன்று நாளைக்கு முன்னால் இப்படி நினைக்கவில்லை.

ஜூன் 22

ஆள் இல்லாத வார்ட் என்றேன். அதற்கும் ஓர் ஆய்வு உண்டு, அதிலும் 7 தான். 2014இல் லான்செட்டில், 9 ஐரோப்பிய நாடுகள், 300 ஆஸ்பத்திரிகள், சத்திரசிகிச்சை செய்த 422,730 பேர். ஒரு தாதியின் பொறுப்பில் இன்னொரு நோயாளி கூடினால் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. எனக்கு 7 ராசியான எண் போல, போகும் இடமெல்லாம் வருகிறது.

கீழே ஒருவர் "நூறில் ஏழு பேர் செத்தார்களா!" என்று பதறியிருக்கிறார். இல்லை. ஆயிரத்துக்குப் பத்துப் பேர் இறக்கும் இடத்தில் ஏறக்குறைய 10.7 ஆகும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு நோயாளி கூடினால் அது. இரவு வேலையில் நான் தனியே பார்த்த கட்டில்களின் எண்ணிக்கையை இங்கே எழுதப்போவதில்லை.

ஜூன் 27

தலைப்பை விட்டு எங்கேயோ போய்விட்டோம் என்று நிலாவெளித் தம்பி முறையிடுகிறார். அம்மா இப்போது சிறுகுறிஞ்சா கேட்கிறாராம். அம்மா விடமாட்டார் போலிருக்கிறது!

சிறுகுறிஞ்சா வேறு கதை. கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் என்னைவிட வடிவாகச் சொல்வார்கள். சீனி வருத்தத்துக்கு மனிதரில் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன, மாத்திரையை விடச்சொல்லும் அளவுக்கு இல்லை. மாத்திரையோடு சேர்த்துத் தின்றால் சீனி அளவுக்கு மேல் இறங்கவும் கூடும், கிளினிக்கில் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஒன்று மட்டும் இப்போதே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு இலையை நன்றாக மென்று நாக்கு முழுக்கப் படவிட்டுத் துப்புங்கள். பிறகு ஒரு தேக்கரண்டி சீனியை வாயில் போடுங்கள். நான் நேற்றுச் செய்தேன். நிலாவெளி மணலை அள்ளிப் போட்ட மாதிரி. நறநறப்பு மட்டும். பிறகு தேத்தண்ணீர் குடித்தேன், கசப்பும் சூடும் தெரிந்தன, போட்ட சீனியைக் காணோம். அரை மணி நேரம் அப்படியே. கிம்னெமிக் அமிலம் நாக்கின் இனிப்பு ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2014இல் ஜப்பானில் அது ஏற்பியின் எந்தப் பகுதியில் உட்காருகிறது என்றும் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால் இந்த விளைவு மனிதரிலும் சிம்பன்சியிலும்தான், எலிக்கு ஒன்றும் ஆகாது. எலியில் நடந்ததை அப்படியே மனிதருக்குப் பொருத்தாதீர்கள் என்பார்கள், இது அதன் மறுபக்கம்.

இனிப்பு ஆசை வரும் நேரத்தில் அம்மா ஒரு இலை மென்றால் தொதல் தட்டைத் தள்ளி வைப்பார். அதற்கு நான் எதிர்ப்பில்லை.

ஜூலை 3

நிலாவெளித் தம்பி ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தார். அம்மாவின் பட்டினிச் சீனி 138, பெருமையாகத் துண்டைக் காட்டினார். எனக்கென்று ஒரு சிறுகுறிஞ்சாக் கொடியைச் சட்டியில் வைத்து அம்மா கொடுத்தனுப்பியிருந்தார். கேற்றடியில், பட்டிப்பூவுக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

இன்று விடிய எழும்பிப் பார்த்தால் சட்டியில் தண்டு மட்டும். பட்டிப்பூ ஒரு இலை குறையாமல் நிற்கிறது. மான் பக்கத்து வீட்டு மதிலடியில் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. அதற்கு இன்றைக்கு ஏதாவது இனித்ததா இல்லையா என்று சொல்ல எந்த ஆய்வும் கைவசம் இல்லை. தம்பி, அம்மாவிடம் இன்னொரு கொடி கேட்டு வாருங்கள். இந்தமுறை மொட்டைமாடியில் வைக்கிறேன்.